மூன்று சக்கரக் குழந்தை வண்டி

மூன்று சக்கரக் குழந்தை வண்டி, ஓட்டப் பயிற்சி செய்யும் பெற்றோருக்காகப் பிறந்தது. 1984-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பத்திரிகையாளர் ஒருவர், சாதாரணத் தள்ளுவண்டியில் சைக்கிள் சக்கரங்களைப் பொருத்தித் தம் மகனை அழைத்துக்கொண்டு ஓடினார். அதுவே பின்னர் விற்பனைக்கு வந்தது.

காற்றடைத்த பெரிய சக்கரங்கள் மேடுபள்ளங்களின் அதிர்வைத் தணிக்கும். பஞ்சர் ஆகும் என்பதே குறை. முன்சக்கரம் ஒன்றே என்பதால் திருப்புவது எளிது. ஆனால் வேகமான வளைவில் பக்கவாட்டில் சாயக்கூடும். பின்சக்கரங்கள் அகன்றும் இருக்கை தாழ்ந்தும் இருந்தால் வண்டி உறுதியாக நிற்கும். கைப்பிடியில் கனத்த பையை மாட்டினால் பின்னோக்கிக் கவிழலாம்.

கடைவீதியில் தள்ளிச் செல்ல, முன்சக்கரம் இருபுறமும் திரும்ப வேண்டும். ஓடும்போது அதை நேராகப் பூட்ட முடிய வேண்டும். தோள், இடுப்பு, கால்களுக்கிடையே என ஐந்து இடங்களில் பிடிக்கும் பட்டை, நிறுத்திவைக்கும் பிரேக், தள்ளுபவரின் மணிக்கட்டில் மாட்டும் வார் ஆகியவை கட்டாயம் தேவை.

பிறந்த குழந்தைக்கு, முழுமையாகப் படுக்கவைக்கும் இருக்கையே ஏற்றது. வண்டியோடு ஓடுவதற்குக் குழந்தைக்குக் குறைந்தது 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். மருத்துவரின் ஒப்புதலும் வேண்டும்.

வாங்குமுன் வண்டியை மடித்துத் தூக்கிப் பாருங்கள். கார் டிக்கியிலும் வீட்டு வாசலிலும் அது நுழையுமா என்று அளந்து பாருங்கள். அழகைவிடக் குழந்தையின் பாதுகாப்பே முதலில் வரட்டும்.