குடியரசுத் தலைவரின் அதிகாரமும் மலைமக்களாகிய நாமும்

(புதூர்நாட்டில் கூடிய நம் சங்கத்தாரிடையே நிகழ்த்திய உபந்நியாசம்)



2022 ஜூலை 25இல் சந்தால் குலத்துதித்த திரௌபதி முர்மு அம்மையார் இந்தியக் குடியரசுத் தலைவராய்ப் பதவியேற்றபோது நாம் பெருமகிழ்வுற்றோம். அவருக்கோர் விண்ணப்பம் விடுத்தால் நம் குறையெல்லாம் தீருமென்று பலர் நம்புகின்றனர். அந்நம்பிக்கையைச் சற்று ஆராய்வோம்.

பழங்குடியினர் இன்னாரென முதற்கண் அறிவிக்கும் அதிகாரம், அரசியலமைப்பின் 342ஆம் பிரிவின்படி, குடியரசுத் தலைவருக்கே உரியது. 1950 செப்டம்பர் 6இல் இராஜேந்திர பிரசாத் அவ்வாணையைப் பிறப்பித்தார். ஆயின், அறிவித்தபின் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ பார்லிமெண்டின் சட்டமே வேண்டும். 1976ஆம் ஆண்டுச் சட்டம் மலையாளிகளைச் சில ஜில்லாக்களில் மட்டுமே குறித்தது. நம் திருப்பத்தூர்ப் பகுதி அன்று வட ஆற்காட்டைச் சேர்ந்திருந்தமையால் நாம் இடம்பெற்றோம். கோயமுத்தூர் ஜில்லா விடுபட்டமையால் கடம்பூர் மலையிலுள்ள நம்மவர் இடம்பெற்றிலர். நரிக்குறவர் 2023இல் சேர்க்கப்பட்டதும் பார்லிமெண்டுச் சட்டத்தாலன்றோ?

இனி, ஐந்தாம் அட்டவணைப்படி, பழங்குடியினர் வாழ்நிலத்தை அட்டவணைப் பகுதியென அறிவிப்பது குடியரசுத் தலைவரின் ஆணையே. தமிழ்நாட்டில் ஒரு மலையேனும் இன்றளவும் அவ்வாறு அறிவிக்கப்பட்டிலது. அவ்வாணையையும் அவர் தம் விருப்பம்போல் இடுதற்கில்லை. 74ஆம் பிரிவின்படி மந்திரிசபையின் ஆலோசனைவழியே நடத்தல் வேண்டும். ஆலோசனையை மறுமுறை ஆராயுமாறு ஒருகால் திருப்பலாம். மீண்டும் வரின் ஏற்றேயாகவேண்டும்.

ஆதலின், விண்ணப்பத்தை டில்லி மாளிகைக்கு அனுப்பியதோடு அமையற்க. வாக்கு வேண்டி மலையேறி வருவோரிடம், "எம் மலையை அட்டவணைப் பகுதியாக்கவும், விடுபட்ட எம்மவரைச் சேர்க்கவும் சபையில் என்ன பேசினீர்?" என்று ஒருமுகமாய் வினவுவோமாக. ஆணையில் விழும் கையெழுத்து அவருடையது; அதனை விழச்செய்யும் முயற்சி நம்முடையது.