கீழ்த்தளத்துக் குளியலறை

லண்டன் ஈஸ்ட் ஹாம் பக்கம் பழைய வரிசை வீடு பார்க்கப் போகிற நம்மவர்கள் பலர், சமையலறையைத் தாண்டிப் பின்னால் குளியலறை இருப்பதைக் கண்டதும் முகம் சுளிக்கிறார்கள். படுக்கையறை மாடியில், குளியலறை கீழேயா என்று.

கட்டியபோது அங்கே குளியலறையே கிடையாது. விக்டோரியா காலத்து எளிய வீடுகளில் கழிப்பறை கொல்லையில். குளியல், அடுப்பங்கரையில் தகரத் தொட்டியில். 1949-இலும் 1959-இலும் வந்த வீட்டுவசதிச் சட்டங்கள் பழைய வீடுகளைச் சீரமைக்க மானியம் கொடுத்தன. தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் பின்பக்கமே இருந்ததால், செலவு குறைய அங்கேயே ஒட்டிக் கட்டினார்கள்.

ஆகவே வாங்குமுன் அந்த ஒட்டுக்கட்டடத்தை நிதானமாகப் பாருங்கள். ஒற்றைச் செங்கல் சுவர் என்றால் குளிர்காலத்தில் சுவரே வியர்க்கும். கூரை மூலைகளைக் கவனியுங்கள். புதுப் பெயின்டுக்கு அடியில் கரும்பூஞ்சை எட்டிப் பார்க்கலாம். தட்டைக் கூரையானால் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். குளியலறையை மாடிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதும் லேசான காரியமல்ல. பெரும்பாலும் ஒரு படுக்கையறை போய்விடும்; கழிவுக் குழாய்க்குச் சரிவும் வேண்டும்.

ஆனால் முழங்கால் வலியோடு அம்மாவோ அப்பாவோ உங்களுடன் இருக்கப் போகிறார்களா? அப்படியானால் இந்த வீட்டை ஒதுக்கவே ஒதுக்காதீர்கள். முன்னறையில் கட்டில் போட்டால் இரவில் படி ஏறி இறங்காமல் போய்வரலாம். நிலைப்படி எவ்வளவு உயரம், கதவில் வாக்கர் நுழையுமா என்று அளந்து பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.