ஊருக்கும் ஒரு ரிப்போர்ட் கார்டு

(பரிசளிப்பு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



இன்று காலையிலிருந்து என்னைப் பார்த்த பெற்றோர் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். "சார், நம்ம பிள்ளை எத்தனையாவது?" கேட்பதில் தவறில்லை. ஆனால், எல்லாப் பாடத்துப் புள்ளிகளையும் கூட்டி வரும் அந்த ஒரு எண் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது? இதை ஓர் ஊரை வைத்துச் சொல்லப் போகிறேன். அந்த ஊரும் ஒரு நாள் முதல் பரிசு வாங்கிய ஊர்தான்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் பிட்ஸ்பர்க் என்று ஒரு பட்டணம். அலிகெனி, மொனொங்கஹேலா என்ற இரண்டு ஆறுகள் கூடி ஒஹாயோ ஆறாகும் இடம். சுற்றிலும் மலை, மலைக்குள் நிலக்கரி, ஆற்றங்கரை நெடுக உருக்காலைகள். பட்டப்பகலில் தெருவிளக்கு எரிய வேண்டிய அளவுக்குப் புகை. ஆபீஸ் வேலைக்குப் போகிறவர்கள் மத்தியானம் மாற்றிக்கொள்ள இன்னொரு வெள்ளைச் சட்டையும் எடுத்துப் போவார்களாம்.

புகையை எப்படி அளப்பது? 1912, 1913-ஆம் ஆண்டுகளில் அவ்வூர்ப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் பல இடங்களில் வாய் திறந்த சாடிகளை வைத்தார்கள். அதில் விழுந்த கரியைச் சேர்த்து நிறுத்தார்கள். ஆண்டுக்குச் சதுர மைலுக்கு ஏறத்தாழ 1000 டன்! ஒரு சதுர மைல் என்பது 640 ஏக்கர். நம் தோட்டத்துக் கணக்கில் ஏக்கருக்கு ஒன்றரை டன் கரி. இன்னொரு கணக்கும் போட்டார்கள். துணி வெளுக்க, திரைச்சீலை மாற்ற, சாயம் அடிக்க, பகலில் விளக்கெரிக்க என்று புகையால் ஊர் மக்களுக்கு ஆகும் செலவு ஆண்டுக்கு 99 இலட்சம் அமெரிக்க வெள்ளி, தலைக்குச் சுமார் 20 வெள்ளி. அந்த ஊர் அம்மாமார்களைக் கேட்டிருந்தால் இதை ஆராய்ச்சியில்லாமலே சொல்லியிருப்பார்கள். ஆனால் அவர்களை யார் கேட்டார்கள்?

கேட்டிருந்தாலும் உடனே ஒன்றும் நடந்திருக்காது. புகைக்கூண்டு புகைந்தால்தான் வீட்டில் அடுப்புப் புகையும் என்ற நிலை. 1941-ல் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. போர் குறுக்கிட்டதால் 1946-லிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. இதற்கிடையே 1948 அக்டோபரில், தெற்கே உள்ள டொனோரா என்ற சிற்றூரில் காற்று சில நாட்கள் அசையாமல் நின்றது. விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகும்போது பனி பள்ளத்தில் அப்படியே படுத்திருக்குமே, அதைப்போல் துத்தநாக ஆலையின் நச்சுப்புகை பள்ளத்தாக்கிலேயே தங்கிவிட்டது. 20 பேர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் நோயுற்றார்கள்.

இனி பரிசு கதைக்கு வருவோம். 1985-ல் அமெரிக்காவில் ஒரு புத்தகம் 329 நகர்ப்புற வட்டாரங்களுக்கு வரிசை எண் போட்டது. தட்பவெப்பம், வீட்டுச் செலவு, மருத்துவமும் சுற்றுச்சூழலும், குற்றம், போக்குவரத்து, கல்வி, கலை, பொழுதுபோக்கு, பொருளாதாரம் என ஒன்பது பாடங்கள். ஒவ்வொன்றிலும் கிடைத்த இடத்தைக் கூட்டிப் பார்த்தால், வாழச் சிறந்த ஊர் என்று முதலாவதாக வந்தது அந்தப் பழைய புகை ஊர் பிட்ஸ்பர்க்! கலிபோர்னியாவிலுள்ள யூபா சிட்டி கடைசி. நம் வகுப்பில் கடைசியாக வந்த பிள்ளையைப் போல அந்த ஊருக்கும் கோபம் வந்தது.

ஆனால் அதே நேரத்தில் பிட்ஸ்பர்க்கின் ஆற்றங்கரையில் என்ன நடந்தது என்பதைக் கேளுங்கள். 1983 தொடக்கத்தில் அந்த வட்டாரத்தில் வேலை தேடும் நிலையில் இருந்தவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேருக்கு மேல். போர்க்காலத்தில் 15,000 பேர் வேலை செய்த ஹோம்ஸ்டெட் உருக்காலை 1986-ல் மூடப்பட்டது. வானம் வெளுத்ததில் சட்டத்துக்கும் பங்குண்டு, உலை அணைந்ததற்கும் பங்குண்டு. 1950-ல் நகரத்தில் 6,76,000 பேர் இருந்தார்கள், 2020-ல் சுமார் 3,03,000 பேர்தான். வேலை போனது ஒன்பது பாடங்களில் ஒரே ஒரு பாடம். மற்ற எட்டும் அதைத் தூக்கிவிட்டன. ஆலை நின்ற இடத்தில் 1999-ல் பேரங்காடி வந்தது. புகைக்கூண்டுகளில் பன்னிரண்டை மட்டும் நினைவுக்கு விட்டுவைத்திருக்கிறார்கள்.

தோட்டம் கைமாறியதால் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த சொந்தக்காரர் இல்லாத வீடு இந்த மண்டபத்தில் எத்தனை? லயம் இருந்த இடத்தில் இன்று பூங்காவும் தார்ச்சாலையும் இருக்கலாம். அந்த இடத்துக்குப் புள்ளி போட்டால் முன்னைவிடக் கூடத்தான் வரும். அங்கே பிறந்து வளர்ந்தவருக்கு யார் புள்ளி போடுவது?

பிட்ஸ்பர்க்கைக் குறை சொல்லவே நான் வரவில்லை. 2005-ல் அந்த மூன்று ஆறுகளிலும் தேசிய அளவில் பெரிய மீன்பிடிப் போட்டியே நடந்தது. செத்த ஆறு என்று கைவிடப்பட்ட ஆறுகள் அவை. மீன் பொய் சொல்லாது. ஆனால் 2019-ல் அந்த நகராட்சியின் ஆணையமே ஓர் அறிக்கை வெளியிட்டது. அங்குள்ள கறுப்பினப் பெண்கள் உடல்நலத்திலும் வருமானத்திலும் மற்ற அமெரிக்க நகரங்களில் வாழும் கறுப்பினப் பெண்களைவிடப் பின்தங்கியிருக்கிறார்கள் என்று அது எடுத்துக் காட்டியது. ஊர் முழுவதற்கும் சராசரி போட்டபோது அவர்கள் கண்ணில் படவே இல்லை.

காற்றும் அப்படித்தான். நிலக்கரியைச் சுட்டுக் கோக்காக்கும் கிளேர்ட்டன் ஆலை இன்னும் மொனொங்கஹேலா கரையில் இயங்குகிறது. அதற்கு அருகே லிபர்ட்டி என்ற இடத்தில் வைத்திருக்கும் கருவி தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்கே உள்ள நுண்துகளை அளக்கிறது. நகர நடுவில் கிடைக்கும் எண்ணும் அங்கே கிடைக்கும் எண்ணும் ஒன்றல்ல. கருவியில்லாத தெருக்காரர்கள் 2016 முதல் தங்கள் மூக்கையே கருவியாக்கிக் கொண்டார்கள். கைத்தொலைபேசியில் ஒரு செயலி. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி போட்டு அனுப்பலாம். யார் வீட்டில் எப்போது நாறியது என்று வரைபடத்தில் தெரிந்துவிடும்.

நமக்கும் புகைமூட்ட நாட்களில் கைத்தொலைபேசியில் ஓர் எண் வருகிறது. அது பட்டணத்து நிலையத்து எண். நம் லாரிச் சாலையின் புழுதி அதற்குத் தெரியாது. வருகைப் பதிவேட்டுக்குத் தெரியும். சென்ற ஆண்டு இருமலால் பள்ளிக்கு வராத நாட்களை உட்கார்ந்து கூட்டினேன். அதிகமான நாட்கள் சாலையோரத்துக் கடைசி லயத்துப் பிள்ளைகளுடையவை.

ஆகவே ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் ஆறு ஜாம் போத்தல்களைக் கழுவி, முப்பது நாள் ஆறு இடங்களில் வைத்தார்கள். கோயில், திடல், கிளினிக், சிற்றுண்டிச்சாலை, முதல் லயம், கடைசி லயம். கிராம் கணக்கில் நிறுக்கத் தராசு கிடைக்கவில்லை. விழுந்ததை மழைத் தண்ணீரோடு வெள்ளைத் துணியில் வடிகட்டிக் காயவைத்திருக்கிறோம். ஆறு துணிகளும் மண்டபத்தின் பின்சுவரில் குத்தப்பட்டிருக்கின்றன. வரிசை எண் போடவில்லை, இடத்தின் பெயர் மட்டும் எழுதியிருக்கிறோம். தேநீருக்குப் போகும்போது பாருங்கள். ஐயா நிர்வாகி அவர்களையும் கையோடு அழைத்துப் போய்க் காட்டுங்கள்.