தசைநோவும் உடற்பயிற்சியும்
(கம்பைநல்லூரில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், நம்மவர் இல்லந்தோறும் குடிகொண்டுள்ள தசைநோவும் அதனை வருமுன் காக்கும் உடற்பயிற்சியும் ஆம். நாற்று நடுவோர்க்கு இடுப்பிலும், புளி தட்டுவோர்க்குத் தோளிலும், கடையில் அமர்ந்திருப்போர்க்குக் கழுத்திலும் எனத் தொழிலுக்கொரு நோவு உண்டு. அது மாதக்கணக்கில் நீடிக்குங்கால், மருத்துவரைக் கேளாமலே மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி உண்கின்றனர் பலர். அவ்வகை மாத்திரைகளை நெடுநாள் உண்பின் இரைப்பை புண்படுதலும் சிறுநீரகம் பழுதுறுதலும் நேரக்கூடும். இடுப்பு நோவைத் தீர்க்கப் புகுந்து சிறுநீரகத்தை இழத்தல் அறிவுடைமை ஆகுமோ?

“நாள் முழுதும் உழைக்கும் எமக்கு உடற்பயிற்சி எற்றுக்கு?” என வினவுவார் உளர். தக்க வினாவே. ஆயினும், உழைப்பு வேறு, பயிற்சி வேறு. நாற்று நடுவோர் பகலெல்லாம் முன்னே குனிவரேயன்றிப் பின்னே நிமிரார். சில தசைகள் ஓய்வின்றி இழுபட, பிற தசைகள் வேலையின்றிக் கிடக்கும். பயிற்சியோ அளவறிந்து தொடங்கி, எல்லாத் தசைக்கும் வேலை தந்து, இடையே ஓய்வும் தருவது. கடையில் அமர்ந்தார்க்கு உழைப்பின் மிகையில்லை. அசைவின் குறையே உண்டு. அளவு கடத்தலும் அளவிற் குறைதலும் ஒருங்கே பிணிக்கு ஏதுவாதலைத் திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரத்தில் நாம் கற்றிருக்கின்றோம்.

இனி, பயிற்சி காக்குமாறு எங்ஙனம் என்பதைக் காண்போம். அழற்சி என்பது உடல் தன்னைக் காத்தற்பொருட்டு மூட்டும் தீ. புண் ஆறியபின் அஃது அவிதல் வேண்டும். அவியாது கனன்றுகொண்டே இருப்பின் தசையையே அரிக்கும். இயங்கும் தசை இன்டர்லூக்கின்-6 என்னும் பொருளைக் குருதியிற் சுரக்கின்றது என்று கோபன்ஹேகன் நகரத்துப் பென்டே பெடர்சன் அம்மையாரின் குழுவினர் 2000 ஆம் ஆண்டில் காட்டினர். பயிற்சியாற் சுரக்கும் அப்பொருள் அழற்சியைத் தணிக்கும் பிற பொருள்களை எழுப்புகின்றது. 2021 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார், ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் தசையில் அழற்சிப் பொருளாகிய இன்டர்பெரான்-காமாவை 7 நாள் செலுத்தினர். தசை மெலிந்து வலுவிழந்தது. அதே காலத்தில் மின்துடிப்பால் பயிற்சி பெற்ற தசையோ பெரும்பாலும் கேடுறாது நின்றது. அஃது உடற்குப் புறத்தே வளர்ந்த தசையே எனினும், தன்னுள் எழும் தீயைத் தணிக்கும் ஆற்றல் தசைக்கே உண்டென்பது அதனால் விளங்கும்.

செய்யத்தக்கது யாது? வளர்ந்தோர் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமாக இயங்குக என்றும், 2 நாளேனும் தசைக்கு வலிமை தரும் பயிற்சி செய்க என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020 இல் அறிவுறுத்தியது. நாள்தோறும் அரைமணியாக 5 நாள் விரைந்து நடப்பின் 150 நிமிடம் நிறையும். முதல் வாரம் பத்து நிமிடத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுக. முன்னரே நோவுற்றுக் கிடப்போர் இயன்முறை மருத்துவரைக் கேட்டுத் தொடங்குக. 2021 ஆகஸ்டு 5 அன்று நம் அண்டை மாவட்டமாம் கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இல்லத்திலேயே தரும் இயன்முறைச் சிகிச்சையும் அடங்கும். காய்ச்சல், மூட்டு வீக்கம், கைகால் தளர்ச்சி, சிறுநீர் கருநிறமாதல் ஆகியன நோவுடன் தோன்றின் பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவரை அடைக.

இறுதியாக ஒன்று. ஊரார் நகைப்பரென்று அஞ்சி நம் பெண்மக்கள் வெளியில் நடக்கவும் கூசுகின்றனர். நோவில் அவர் பங்கே பெரிது. பரிகாரத்தில் மட்டும் பங்கின்மை முறையன்று. ஆதலின், விடியற்காலையில் ஒரு மணி நேரம் சங்கத்து இடத்தைப் பெண்டிர்க்கென ஒதுக்கித் தருமாறு நிருவாகிகளை வேண்டுகின்றோம். கணவன்மாரும் மாமியாரும் அவ்வொரு மணி வேளைக்கு அடுக்களையைத் தாம் ஏற்பாராயின், அதுவே இச்சொற்பொழிவுக்கு நீவிர் தரும் பரிசாகும்.