சின்னச் சக்கரத்தின் பெரிய பிடிவாதம்



கார் டயரையே தயங்காமல் கழற்றி மாட்டுகிறவர்கள்கூட மினிபைக் என்ற குட்டி மோட்டார் சைக்கிளின் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தால் திணறிப்போகிறார்கள். பார்த்தால் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். ஒரு கையால் தூக்கிவிடலாம். ஆனால் டயரின் ஒரு பக்கத்தை ரிம்முக்குள் தள்ளினால் எதிர்ப்பக்கம் வெளியே எகிறும். அதை அமுக்கினால் இது எகிறும். டயர் கடைக்கு எடுத்துப் போனாலும் பல இடங்களில் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கார் சக்கரத்துக்கென்று செய்த இயந்திரத்தால் ஆறு அங்குல ரிம்மைப் பற்றிப் பிடிக்க முடியாது. அதனால்தான் இது வீட்டு வேலையாகிவிட்டது.

சின்ன டயர் ஏன் இவ்வளவு முரண்டு பிடிக்கிறது? டயரின் இரண்டு ஓரத்திலும் ரப்பருக்குள் எஃகுக் கம்பி வளையம் இருக்கிறது. டயரை ரிம்மோடு பிடித்து வைப்பது அந்தக் கம்பிதான். அது துளியும் நீளாது, நீளவும் கூடாது. ஆனால் ரிம்மின் விளிம்போ, கம்பி உட்காரும் இடத்தைவிட உயர்ந்து நிற்கிறது. அந்த உயரம் அரை அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் சேர்த்தால் ஒரு அங்குலம். பதினேழு அங்குல மோட்டார் சைக்கிள் சக்கரத்தில் அந்த ஒரு அங்குலம் நூற்றுக்கு ஆறு பங்குதான். ஆறு அங்குலச் சக்கரத்தில் அதே ஒரு அங்குலம் நூற்றுக்குப் பதினேழு பங்கு. தாண்ட வேண்டிய மேடு அதேதான். தாண்டும் வளையம் சுருங்கிவிட்டது. போதாததற்கு, டயர் சின்னதாக ஆக அதன் பக்கச் சுவரும் விறைப்பாகிவிடுகிறது.

வளையல்காரர் இறுக்கமான வளையலைக் கையில் ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை பாதி புரிந்துவிடும். வளையல் விரியாது என்பது அவருக்குத் தெரியும். கட்டை விரலை உள்ளே மடக்கி, கையை ஒடுக்கி, சோப்பு தடவி ஏற்றுவார். ரிம்மில் அப்படி ஒடுங்கிக்கொடுக்கும் இடம் நடுவில் இருக்கும் பள்ளம். ஒரு பக்கத்துக் கம்பியை அந்தப் பள்ளத்தில் இறக்கினால்தான் எதிர்ப்பக்கத்தில் இளக்கம் கிடைக்கும். பள்ளத்தை மறந்துவிட்டு, டயரை நெம்பும் லீவரை மட்டும் அழுத்தினால் டியூப் கிழியும், கம்பி வளையும், ரிம் கோணலாகும்.

மினிபைக்கின் கதையை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். 1961இல் ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் டோக்கியோ பக்கத்தில் டாமா டெக் என்ற பொழுதுபோக்குப் பூங்காவைத் திறந்தது. அங்கே வருகிறவர்கள் ஓட்டி விளையாடுவதற்காகச் செய்த குட்டி வண்டிதான் இசட்100. ஐந்து அங்குலச் சக்கரம், 49 சிசி எஞ்சின். பெரியவர்கள் முழங்காலை மடக்கி அதன்மேல் உட்கார்ந்த கோலம் குரங்கு போல இருந்ததால் 'மங்கி' என்ற பெயர் நிலைத்தது. பிறகு சாலையில் ஓடும் வண்டியாக வளர்ந்து, சக்கரமும் எட்டு அங்குலமாயிற்று. 2018இல் வந்த 125 சிசி மங்கிக்குப் பன்னிரண்டு அங்குலச் சக்கரம்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே புல் வெட்டும் இயந்திரத்துக்கான பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், டெகம்சே எஞ்சின்களைக் குழாய்ச் சட்டத்தில் பொருத்தி, 1960களில் கொல்லைப்புறங்களில் ஓட்டினார்கள். அந்தக் காலத்தில் பேர் வாங்கிய மினிபைக்குகளில் ஒன்று ரப். ஒஹாயோ மாநிலத்து மான்ஸ்ஃபீல்டு நகரில் அதைச் செய்த மிக்கி ரப் தானே ஒரு பந்தய வீரர். 1965 இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் ஆறாவதாக வந்தவர். அதே மான்ஸ்ஃபீல்டு நகருக்கும் நம் சென்னைக்கும் ஓர் உறவு உண்டு. திருவொற்றியூரில் 1946இல் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, அதாவது இன்றைய எம்ஆர்எஃப், 1961இல் டயர் செய்யத் தொழில்நுட்பம் பெற்றது அந்த ஊரின் மான்ஸ்ஃபீல்டு டயர் அண்ட் ரப்பர் நிறுவனத்திடமிருந்துதான்.

இத்தனை சின்னச் சக்கரத்தில் டயரை ஏற்றுவது கடினம் என்பது மினிபைக்குகளைச் செய்தவர்களுக்கும் தெரியும். அவர்கள் கண்ட வழி, ரிம்மையே இரண்டாகப் பிரித்துவிடுவது. இரண்டு பாதிகள், நடுவே போல்ட்டுகள். லீவரே வேண்டாம். மங்கியின் எட்டு அங்குலச் சக்கரம் இந்த வகை. மினிபைக், கோ-கார்ட் பிரியர்கள் வாங்கும் அஸூசா சக்கரங்களும் இந்த வகைதான். வெஸ்பாவும் பஜாஜ் சேட்டக்கும் ஓடிய ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஸ்பேனரைப் போட்டு ஸ்கூட்டர் ரிம்மை இரண்டாகப் பிரித்து, டியூபை எடுத்து ஒட்டித் தந்த பஞ்சர் கடைகள் தெருவுக்குத் தெரு இருந்தன.

ஆனால் எளிதான இந்த வகையில்தான் உயிருக்கே ஆபத்தான தவறு ஒளிந்திருக்கிறது. காற்று இருக்கும்போது இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்திருப்பது அந்தப் போல்ட்டுகள் மட்டுமே. காற்றை விடாமல் அவற்றைத் தளர்த்தினால், கடைசி மரை விடும் நொடியில் பாதி ரிம் முகத்தை நோக்கிப் பறந்து வரும். சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் நட்டுகளும் பக்கத்திலேயே இருப்பதால், எது எதற்கு என்று தெரியாமல் கை வைப்பதும் நடக்கிறது. ஆகவே ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே வால்வின் உள்ளே இருக்கும் ஊசியைத் திருகி எடுத்துவிட வேண்டும். ஊசியை அமுக்கிக் காற்று விட்டது போதாது. கழற்றியே ஆக வேண்டும். டயரை இரண்டு கையாலும் அமுக்கி, அது முழுக்கத் தளர்ந்துவிட்டதா என்று பார்த்த பிறகே போல்ட்டைத் தொடலாம்.

மாட்டும்போது டியூபில் கொஞ்சம் காற்று ஊதி, உருண்டை வடிவம் வந்ததும் டயருக்குள் வைக்க வேண்டும். சப்பையாக வைத்தால் டியூப் மடிந்து, இரண்டு பாதி ரிம்முக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். போல்ட்டை இறுக்கும்போது அது வெட்டுப்படும். டயரின் உட்புறம் டால்கம் பவுடர் தூவினால் டியூப் ஒட்டாமல் தன் இடத்துக்கு நகரும். போல்ட்டுகளை வரிசையாக இறுக்காமல், ஒன்றுக்கு எதிரே இருப்பதை அடுத்து என்று மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். வளைந்த கழுத்து வால்வு உள்ள டியூபாகப் பார்த்து வாங்கினால் நல்லது. நேரான வால்வாக இருந்தால் இத்தனை குறுகிய சக்கரத்துக்குள் பம்பின் வாய் நுழையாது.

ஒரே துண்டாக வார்த்த ரிம் என்றால் பொறுமை வேண்டும். டயரை வெயிலில் போட்டு வைத்தால் ரப்பர் இளகும். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, டயர் ஓரம் முழுக்கவும் ரிம் விளிம்பிலும் தடவ வேண்டும். கிரீஸும் எஞ்சின் ஆயிலும் வேண்டாம். அவை ரப்பரை அரித்துவிடும். டியூப் போடும் சக்கரத்தில் வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வருகே முடிப்பதுதான் சரி. வால்வு இருக்கும் இடத்தில் டியூப் தடுப்பதால் கம்பி பள்ளத்தில் இறங்காது. அங்கே தொடங்கினால் கடைசிப் பகுதி ஏறவே ஏறாது. பள்ளத்தில் இறக்கிய பக்கம் மறுபடி மேலே ஏறாதபடி, மரத்துண்டு வைத்து ஒரு சி-கிளாம்பால் இறுக்கிவிட்டால் மூன்றாவது கை கிடைத்த மாதிரி. லீவரால் ஒரே மூச்சில் பெரிய பகுதியைப் புரட்டப் பார்க்கக் கூடாது. இரண்டு விரல் அகலம் ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, அடுத்த இரண்டு விரல் அகலத்துக்குப் போக வேண்டும்.

டியூப் இல்லாத டயராக இருந்தால் காற்று அடித்தாலும் ஓரம் வழியே ஓடிவிடும். கடைக்குக் கட்டிவைத்து அனுப்பியதில் புது டயரின் இரு ஓரமும் நெருங்கிப்போயிருக்கும். டயரின் நடு முதுகைச் சுற்றிச் சுமை கட்டும் பட்டையைப் போட்டு இறுக்கினால் ஓரங்கள் விரிந்து ரிம்மைத் தொடும். பெட்ரோல் போன்ற எதையாவது உள்ளே தெளித்து நெருப்பு வைத்து டயரை உப்பவைக்கும் வித்தையை எவர் காட்டினாலும் செய்யவே கூடாது.

காற்று ஏறும்போது டப் டப் என்று இரண்டு சத்தம் கேட்கும். ஓரங்கள் தம் இடத்தில் உட்காரும் சத்தம் அது. கேட்காவிட்டால் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகக் கூடாது. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவே எல்லை. இத்தனை சின்ன டயர் கம்ப்ரஸரில் சில நொடியில் நிரம்பிவிடும்; கால் பம்பே பாதுகாப்பு. சத்தம் வரவில்லையென்றால் காற்றை விட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி தொடங்க வேண்டும்.

வாங்கும்போது அளவு பொருந்துவது மட்டும் போதாது. 4.10/3.50-4 என்ற எண்ணில் கடைசியாக வரும் 4தான் ரிம்மின் அங்குல அளவு. இதே அளவில் மூட்டை தள்ளும் வண்டிகளுக்கும் டயர் வருகிறது. அது மெதுவாகத் தள்ளுவதற்கென்று செய்தது. எஞ்சின் பூட்டிய வண்டிக்கு, அதிலும் பிள்ளைகள் ஏறும் வண்டிக்கு, அதை மாட்டுவது தவறு.

மாட்டி முடித்ததும் ரிம் விளிம்பை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோட்டைப் பார்க்க வேண்டும். சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருந்தால் டயர் நேராக உட்கார்ந்துவிட்டது. வால்வின் மேல் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டுக் குமிழி வருகிறதா என்று பார்த்து, மூடியைத் திருகி, ஓர் இரவு அப்படியே வைத்திருந்து, காலையில் அழுத்தத்தை அளந்த பிறகே சக்கரத்தை வண்டியில் பூட்ட வேண்டும்.