மேகத்தில் மோதிய வெடிப்பு

மிதுன விண்மீன் கூட்டத்தில், சுமார் 5,000 ஒளியாண்டு தொலைவில், ஜெல்லி மீன் நெபுலா இருக்கிறது. வானியலாளர்களுக்கு அது ஐசி 443. வெடித்துச் சிதறிய ஒரு பெரிய விண்மீனின் மிச்சம்.

அந்த வெடிப்பலை பக்கத்திலிருந்த குளிர்ந்த ஹைட்ரஜன் மூலக்கூறு மேகத்தில் போய் மோதியது. மோதிய இடத்தில் அலையின் வேகம் குறைகிறது. வாயு நசுங்கிச் சூடேறி அகச்சிவப்பில் ஒளிர்கிறது.

என்னை வியக்க வைப்பது அடுத்த செய்திதான். 1912-இல் விக்டர் ஹெஸ் பலூனில் உயரச் சென்று கண்டறிந்தவை காஸ்மிக் கதிர்கள், அதாவது விண்வெளியிலிருந்து வரும் துகள்கள், பெரும்பாலும் புரோட்டான்கள். அவை எங்கே பிறக்கின்றன? வெடிப்பலைகளே புரோட்டான்களை முடுக்கிவிடுகின்றன என்று அறிஞர்கள் நெடுங்காலம் கருதினார்கள். நிரூபிப்பதுதான் கடினம். மின்னூட்டமுள்ள துகள்கள் காந்தப்புலங்களில் வளைந்து வளைந்து வருவதால், புறப்பட்ட இடம் தெரியாமல் போய்விடும்.

மேகம்தான் காட்டிக்கொடுத்தது. புரோட்டான்கள் அந்த அடர்ந்த வாயுவில் மோதும்போது பையான் என்ற துகள் பிறக்கிறது. மின்னூட்டமில்லாத பையான் கண நேரத்தில் சிதைந்து இரண்டு காமா கதிர்களாகிவிடும். காமா கதிர் காந்தப்புலத்துக்கு வளையாது, நேராக வந்துசேரும். பையான் சிதைவின் தனி அடையாளத்தை ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கி ஐசி 443-இலும், கழுகு விண்மீன் கூட்டத்திலுள்ள டபிள்யூ 44 என்ற இன்னொரு வெடிப்பு மிச்சத்திலும் கண்டது. அந்த முடிவு 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது.