அபேட்சகர் உயிரும் ஓட்டர் உரிமையும்



தேர்தல் என்றால் யார் ஜெயிப்பார், யார் தோற்பார் என்றுதான் எல்லோரும் பேசுகின்றோம். நிற்கின்ற மனிதன் உயிரோடு வீடு திரும்புவானா என்பதைப் பற்றியே நான் இன்று பேச வந்திருக்கின்றேன். தைரியமிருந்தால் நிற்கட்டும், பயந்தால் ஒதுங்கட்டும், நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். நமக்கென்ன என்பதைத்தான் சொல்லப் போகின்றேன்.

மதுரை ஜில்லா மேலவளவை எடுத்துக் கொள்ளுங்கள். 1996-ல் அவ்வூர்ப் பஞ்சாயத்துத் தலைவர் ஸ்தானம் தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. ஸ்தானத்தை ஒதுக்கினார்களே ஒழிய, அதில் உட்காரப் போகின்றவன் கழுத்துக்குக் காவல் வைத்தார்களா? மனுப் போட்டவர்கள் மிரட்டலுக்குப் பயந்து வாபஸ் வாங்கிக் கொண்டார்கள். மறுபடியும் தேர்தல் வைத்தபோது ஓட்டுச்சாவடியில் கலகம் செய்து கெடுத்தார்கள். கடைசியில் போலீஸ் பந்தோபஸ்தோடு நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30-ந் தேதி மதுரைக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக் கொண்டிருந்த அவரும் இன்னும் ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2001-ல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2009-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. 2019-ல் அவர்களில் 13 பேர் முன்கூட்டியே விடுதலையாகி வீடு போய்ச் சேர்ந்தார்கள். செத்தவர்கள் வீடு திரும்பினார்களா?

அதே ஜில்லாவில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் என்ற ஊர்களிலும் பத்து வருஷ காலம் இதே கூத்துதான். ஒன்று, மனுப் போட ஆளிருக்காது. அல்லது ஜெயித்தவர் உடனே ராஜினாமாக் கொடுத்துவிடுவார். இதற்கு ‘ஊர்க்கட்டுப்பாடு’ என்று பெயர்! 2006-ல் சர்க்கார் முனைந்து நின்று தேர்தலை நடத்தியது, நடந்தும் விட்டது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

ஓட்டர் பயப்படக் கூடாதென்று ஓட்டை மறைவாகப் போடச் சட்டம் செய்திருக்கின்றோம். அபேட்சகர்களை விரட்டிவிட்டு அந்த மறைவை வைத்துக் கொண்டு என்ன செய்வது? சந்தையில் மற்றக் கடைகளையெல்லாம் கொளுத்திவிட்டு, இஷ்டப்பட்ட கடையில் வாங்கிக் கொள் என்பது போலத்தான். ஆகவே, அபேட்சகனை மிரட்டுகின்றவன் ஊரார் அத்தனை பேருடைய ஓட்டையும் திருடுகின்றான்.

இனி வீட்டு விஷயத்துக்கு வருவோம். அபேட்சகர் தம் பேரிலுள்ள கிரிமினல் வழக்கு, சொத்து, கடன், படிப்பு ஆகியவற்றைச் சொல்ல வேண்டுமென்று 2002-லும் 2003-லும் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. அது மிகவும் சரி. ஊர்ப் பணத்தைக் கையாளப் போகின்றவன் யோக்கியதை ஊராருக்குத் தெரியத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பிரமாணப் பத்திரத்திலேயே விலாசமும் டெலிபோன் நம்பரும் கேட்டு, அதன் நகலை ஊரறிய ஒட்டுகின்றார்களே, இது எதற்கு? ஒரு பெண் தேர்தலுக்கு நின்றால், நடுராத்திரியில் டெலிபோன் செய்து ஆபாசமாய் ஏச எந்தக் காலிக்கும் வழி செய்து கொடுப்பதல்லவா இது?

விலாசத்தை மறைத்தால் திருடனும் மறைந்து கொள்வானே என்பார்கள். வழக்கும் சொத்தும் வெளியே இருக்கட்டும்; பிள்ளைகள் படுத்துறங்கும் கதவு நம்பர் மட்டும் அதிகாரிகளிடம் இருக்கட்டும். இதில் திருடனுக்கு என்ன லாபம்? இங்கிலாந்தில் அபேட்சகரின் வீட்டு விலாசத்தை ஓட்டுச் சீட்டிலேயே அச்சிட்டு வந்தார்கள். 2009-ல் செய்த சட்டத்தால், பார்லிமெண்டுக்கு நிற்பவர் விரும்பினால் தொகுதிப் பெயரை மட்டும் போடலாம் என்றாயிற்று. ஆனால் அதோடு ஆபத்து தீர்ந்துவிடவில்லை. ஜோ காக்ஸ் அம்மையார் 2016-லும், டேவிட் அமெஸ் 2021-லும் தொகுதி ஜனங்களைச் சந்திக்கும் இடத்திலேயே கொல்லப்பட்டார்கள்.

மேலும், நம் கிராமத்தில் விலாசத்தை மறைத்து என்ன பயன்? எந்தச் சேரி, எந்தக் குடிசை, யார் வயலில் கூலி என்பது எல்லாருக்கும் தெரியும். அங்கே மனுப் போடும் நாள் முதல், ஜெயித்துப் பதவியில் உட்கார்ந்த பிறகும் காவல் வேண்டும். நின்றதற்காக ஒருவன் கூலி வேலையைப் பறித்தால் அதற்கும் தண்டனை வேண்டும்.

சர்க்கார் செய்யும் வரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. மனுப் போடப் போகின்றவனைத் தனியே போக விடாதீர்கள். பத்துப் பேர் கூடப் போங்கள். மிரட்டல் வந்தால் எழுத்து மூலமாய்ப் புகார் கொடுங்கள். நிற்பவர் நமக்கு வேண்டாதவராயிருந்தாலும் இதைச் செய்யுங்கள். அவரைத் தோற்கடிக்க நமக்கு ஓட்டு இருக்கின்றது. அரிவாள் எதற்கு என்று கேட்டு என் பேச்சை முடித்துக் கொள்கின்றேன்.